வாத்துக்குக் கோழி வைத்தியம் போதுமா?

நம் கரிசற் சீமை வாத்துக்குப் பெயர் போன இடமன்று. வானம் பார்த்த பூமியில் நீர்ப்பறவைக்கு என்ன வேலை என்று கேட்போரும் உண்டு. ஆயினும் ஐப்பசி, கார்த்திகை மழை பொய்க்காத ஆண்டுகளில், கண்மாய் நிறைந்த ஊர்களில், வீட்டுக் கோழிகளோடு நாலைந்து வாத்துக்களையும் சேர்த்து வளர்க்கும் குடும்பங்கள் கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் வட்டாரங்களில் இல்லாமற் போகவில்லை. தறிக்கூலி வாராத வாரத்திலும், பருத்தி விலை இறங்கிய பருவத்திலும் முட்டைக் காசுதான் உப்புக்கும் புளிக்கும் உதவுகிறது என்பதை அங்கத்தினர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

இவ்வாறு வளர்ப்போரிடையே ஒரு நம்பிக்கை வேரூன்றிப் போயிருக்கிறது. “வாத்துக்கு நோயே வராது, கழிச்சலெல்லாம் கோழிக்குத்தான்” என்பதே அது. இதில் பாதி உண்மை. முழுப் பொய்யை எவரும் எளிதில் கண்டு ஒதுக்கிவிடலாம். பாதி உண்மையோ கூட்டுக்குள் புகுந்த கீரியைப் போன்றது. வாத்தின் உடல் நோயை எதிர்க்கும் முறை கோழியின் முறையினின்றும் வேறுபட்டது என்பதையும், ஆதலின் வாத்தையும் கோழியையும் ஒரே கணக்கில் எழுதுவது தவறு என்பதையும், இவ்விஷயத்தில் தனி வீடு செய்ய முடியாததைச் சங்கம் செய்ய முடியும் என்பதையும் எடுத்துக் கூறவே இக்கட்டுரை.

கம்போடியாப் பருத்திக்குச் செய்யும் பக்குவத்தை அப்படியே கருங்கண்ணிக்குச் செய்தால் என்ன ஆகும் என்பதை நம் விவசாயிகள் அறிவார்கள். இரண்டும் பருத்திதான். ஆனால் வேர் வேறு, வளர்த்தி வேறு, தாங்கும் பூச்சியும் வேறு. கோழியும் வாத்தும் அவ்வாறே.

உடலுக்குள் நோய்க்கிருமி புகுந்தால் இரத்தத்தில் ஒருவகைப் புரதம் உற்பத்தியாகிறது. இதற்கு எதிர்ப்பொருள் என்று பெயர். ஒரு பிராணியின் இரத்தநீரிலுள்ள இந்தச் சக்தியை மற்றொரு பிராணிக்கு மாற்றிக் கொடுக்கலாம் என்பதை 1890-ஆம் ஆண்டில் பெர்லின் நகரில் பேரிங் என்ற ஜெர்மானியரும் கிடசாட்டோ என்ற ஜப்பானியரும் நிரூபித்தனர். மூன்று ஆண்டுகள் கழித்து, 1893-இல், கிளெம்பெரர் என்பவர் கோழிக்கு உண்டாக்கிய எதிர்ப்புச் சக்தி அதன் முட்டையின் மஞ்சட் கருவுக்குள்ளும் இறங்குவதைக் காட்டினார். தாய்க்கோழி தன் குஞ்சுக்கு எழுதி வைக்கும் முதற் சொத்து அந்த மஞ்சட் கருவிலேயே இருக்கிறது.

எதிர்ப்பொருளின் உருவம் கவட்டைக் கம்பு போன்றது. மேலே இரு கிளைகள், கீழே ஒரு காம்பு. கிளைகளின் நுனி கிருமியைப் பற்றிக்கொள்கிறது. காம்பின் வேலை வேறு: கிருமியை விழுங்கும் அணுக்களையும், கிருமியைத் துளைத்து அழிக்கும் இரத்தப் புரதங்களையும் அது அழைக்கிறது. திருடனைக் கட்டிப்பிடிப்பது ஒரு வேலை. “ஓடி வாருங்கள்” என்று ஊரைக் கூட்டுவது மற்றொரு வேலை. முதலாவதைக் கிளையும் இரண்டாவதைக் காம்பும் செய்கின்றன என்று அங்கத்தினர்கள் நினைவிற் கொண்டால் போதும்.

எதிர்ப்பொருள்கள் ஒரே வகையின அல்ல. நோய் கண்டதும் முதலில் தோன்றுவது ‘எம்’ வகை. அது உருவிற் பெரியது; அவசரத்துக்குத் திரட்டிய கூட்டம் போன்றது. பின்னர்த் தோன்றி நெடுநாள் நிற்பது, மனிதரிடமும் ஆடுமாடுகளிடமும் ‘ஜி’ வகை. பறவைகளிடம் ‘ஒய்’ வகை. குடல், மூச்சுக்குழல் ஆகியவற்றின் உட்புறச் சவ்வைக் காவல் காப்பது ‘ஏ’ வகை.

எதிர்ப்பொருளை உண்டாக்கும் அணுக்களைப் பற்றிய அறிவை உலகுக்குத் தந்ததே பண்ணைப் பறவைதான் என்பதை இங்குச் சொல்லாமற் செல்ல மனம் வரவில்லை. பறவையின் கழிவாயின் அருகே சிறு பை ஒன்று உண்டு. இத்தாலி நாட்டுப் பாதுவா நகரத்து ஃபாப்ரீஷியஸ் அதை விவரித்து எழுதியது, அவர் காலமான பின் 1621-இல் அச்சாயிற்று. அது எதற்காக இருக்கிறது என்பது மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் எவருக்கும் தெரியாது. அமெரிக்காவில் ஒஹையோ மாநிலப் பல்கலைக் கழகத்தில் புரூஸ் கிளிக் என்ற மாணவர் அந்தப் பையை நீக்கிய கோழிகளுக்கு எதிர்ப்பொருள் உண்டாகாமற் போவதைக் கண்டு, சகாக்களுடன் 1956-இல் வெளியிட்டார். பெரிய விஞ்ஞானப் பத்திரிகை அதை ஏற்கவில்லை. கோழி வளர்ப்பு ஆராய்ச்சிப் பத்திரிகையே இடம் கொடுத்தது. இன்று உலக மருத்துவ நூல்களிலெல்லாம் ‘பி’ அணு என்று குறிக்கப்படுவதன் முதலெழுத்து, அப்பையின் பெயரான ‘பர்ஸா’விலிருந்து வந்ததே. கோழி, வாத்து என்றால் அற்ப விஷயம் என்று முகஞ்சுளிப்போர் இதை ஒருமுறை படிக்கலாம்.

இனி வாத்துக்கு வருவோம். கோழியின் இரத்தத்திலுள்ள ‘ஒய்’ வகை எதிர்ப்பொருள் கிளையும் காம்பும் உடைய முழு உருவம். வாத்தின் இரத்தத்திலோ அதே ‘ஒய்’ வகையில் இரண்டு உருவங்கள் உள்ளன. ஒன்று கோழியினுடையதைப் போன்று முழுமையானது. மற்றொன்றுக்குக் கிளைகள் உண்டு, காம்பு கிடையாது. இவ்விரண்டும் வாத்தின் இரத்தநீரில் இருப்பதை 1967-இல் கிரே என்பவர் ஆராய்ந்து எழுதினார். இவை எவ்வாறு உண்டாகின்றன என்பது பின்னரே தெரிந்தது. இரு வேறு மரபுக் கூறுகள் இதற்கு இல்லை. ஒரே மரபுக் கூற்றிலிருந்துதான் இரண்டும் பிறக்கின்றன என்பதை மேகரும் அவருடன் உழைத்தவர்களும் 1994-இல் விளக்கினர்.

நெசவாளருக்கு இதை விளக்குவது மிக எளிது. தறியில் ஓடுவது ஒரே பாவு. எட்டு முழத்தில் அறுத்தால் வேட்டி. முன்னரே அறுத்தால் துண்டு. நூலும் சாயமும் கரையும் மாறவில்லை; அறுத்த இடம் மட்டுமே மாறியது. வாத்தின் அணுவும் அவ்வாறே ஒரே ஓலையைப் படித்து, சில வேளை இறுதி வரை சென்று முழு உருவத்தையும், சில வேளை முன்னரே நிறுத்திக் காம்பில்லா உருவத்தையும் செய்கிறது. நோய் கண்ட தொடக்கத்தில் ‘எம்’ வகையும், பிறகு முழு ‘ஒய்’யும், நாட்செல்லச் செல்லக் காம்பில்லா ‘ஒய்’யும் மிகுந்து நிற்பது வாத்தின் இயல்பு.

காம்பில்லாதது பயனில்லாதது என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. நம் பருத்திக் காட்டில் விரியன் தீண்டியவருக்கு அரசாங்க மருத்துவமனையில் ஏற்றப்படும் விஷமுறிவு மருந்து எவ்வாறு செய்யப்படுகிறது? குதிரைக்குச் சிறுகச் சிறுகப் பாம்பின் விஷத்தைச் செலுத்தி, அதன் இரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்து, பெப்ஸின் என்னும் செரிமானப் பொருளால் அதன் காம்பை வெட்டி நீக்குகிறார்கள். அன்னியப் பிராணியின் எதிர்ப்பொருள் மனித உடலில் வீண் கொதிப்பை எழுப்புவது காம்பை நீக்குவதால் குறைகிறது. விஷத்தைப் பற்றும் கிளைகளோ அப்படியே இருக்கின்றன. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கும் இந்த ஒரே மருந்து. (இதற்கான விஷத்தைச் சேகரித்துக் கொடுப்பதில் பெரும்பங்கு வகிப்பது மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் உள்ள இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம். 1978-இல் தொடங்கிய அச்சங்கம் நம்மைப் போன்ற ஒரு கூட்டுறவுச் சங்கமே என்பதில் நமக்குப் பெருமை உண்டு.) மனிதன் ஆலையில் செய்யும் இந்த வெட்டு வேலையை வாத்து தன் உடலிலேயே செய்துகொள்கிறது.

நீர்ப்பறவை சேற்றையும் அழுக்கு நீரையும் ஓயாது அலகால் அளைந்து வாழ்வது. கண்ட கிருமிக்கெல்லாம் ஊரைக் கூட்டினால் அந்தக் களேபரத்திலேயே அதன் உடல் நலிந்துவிடும். ஆகவே சத்தமின்றிப் பிடித்து வைக்கும் முறை அதற்கு நன்மையாக இருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். இது கருத்தேயன்றி முடிந்த முடிபு அன்று. காம்பில்லா எதிர்ப்பொருள் கிருமியை மூடி மறைக்கும். விழுங்கும் அணுக்களை அழைக்காது என்பது மட்டும் உறுதி. இதனால் கிருமி அடங்கியிருக்கும், ஆனால் அடியோடு ஒழியாமலும் இருக்கக் கூடும்.

ஆய்வுக்கூடத்திலும் இதன் விளைவு தெரிகிறது. கோழிக்குத் தடுப்பூசி பிடித்திருக்கிறதா என்று பார்க்க, இரத்தச் சிவப்பணுக்கள் திரளுவதைத் தடுக்கும் சோதனையைச் செய்வது வழக்கம். அதே சோதனை வாத்தின் இரத்தநீரில் பெரும்பாலும் குறைவான அளவையே காட்டும். வாத்துக்கு எதிர்ப்புச் சக்தி இல்லை என்பதன்று இதன் பொருள். அளக்கும் படி அதற்குப் பொருத்தமானதன்று என்பதே. பட்டுக்கு ஏற்ற தராசில் பருத்திப் பொதியை நிறுத்தால் யாரைக் குறை கூறுவது? கோழிக்கென்று வகுத்த எண்ணைக் கொண்டு வாத்தைப் பற்றி முடிவு கட்டுவோர், அது அதிகாரியாயினும் வியாபாரியாயினும், சற்று நிதானிக்க வேண்டும்.

வாத்து நோயின்றி நிற்பதற்குக் காரணம் எதிர்ப்பொருள் மட்டுமன்று. அணுவுக்குள் நச்சுயிரி புகுந்தவுடன் எச்சரிக்கும் புரதம் ஒன்று வாத்துக்கு உண்டு, கோழிக்கு இல்லை என்பதைக் கனடாவின் அல்பெர்ட்டாப் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த காதரின் மேகரும் பிறரும் 2010-இல் கண்டறிந்தனர். எதிர்ப்பொருள் தோன்ற நாட்கள் ஆகும். இந்தப் புரதமோ உடனே வேலை செய்வது. ஆகவேதான் பறவைக் காய்ச்சல் நச்சுயிரிகளிற் பல, கோழியை ஓரிரு நாளில் மாய்த்துவிட, வாத்தின் குடலில் பெருகி, எச்சத்தின் வழியே நீரிற் கலந்து, வாத்தை மட்டும் வாட்டாமல் விட்டுவிடுகின்றன. எச்சத்தில் நச்சுயிரி வெளியேறுவதை வெப்ஸ்டர் முதலியோர் 1978-லேயே காட்டினர்.

“வாத்துக்கு நோய் வராது” என்னும் சொல்லின் உண்மையான பாதி இதுதான். மறு பாதியைக் கேரளத்துக் குட்டநாட்டு மக்களைக் கேட்டால் சொல்வார்கள். 2014 நவம்பரில் ஆலப்புழை, கோட்டயம் மாவட்டங்களில் பறவைக் காய்ச்சல் வாத்துக்களையே கொன்றது. 2016-இலும், 2021 சனவரியிலும், 2024 ஏப்ரலிலும் ஆலப்புழையில் மீண்டும் வந்தது. நம் நாட்டில் கைக்கொள்ளப்பட்டு வரும் முறை, நோய் கண்ட இடத்தைச் சுற்றிலும் உள்ள வளர்ப்புப் பறவைகளைக் கொன்று அழிப்பதாகும். நோயுற்ற வாத்தும் போயிற்று. நோயற்ற வாத்தும், பக்கத்து வீட்டுக் கோழியும் கூடப் போயின. வயலில் மேய்ந்து வாழும் வாத்துக் குடும்பத்துக்கு அது எத்தகைய அடி என்பதை, ஒரே மழையில் பருத்தியை இழந்தவர்கள் உணர முடியும்.

பிரெஞ்சு நாட்டார் வேறு வழி கண்டனர். 2023 அக்டோபர் முதல், 250-க்கு மேற்பட்ட வாத்துக்கள் உள்ள பண்ணைகளுக்குத் தடுப்பூசியைக் கட்டாயமாக்கினர். கோழிக்கு அன்று, வாத்துக்கு மட்டும். காரணம், வாத்தே நோயைப் பரப்புவதில் முன் நின்றது. ஓர் ஊசியோடும் அவர்கள் நிற்கவில்லை. இரண்டு ஊசிகள், அபாயம் மிகுந்த இடத்திலும் காலத்திலும் மூன்றாவது. 2021–22 பருவத்தில் 1,300-க்கு மேற்பட்ட பண்ணைகளில் நோய் கண்ட அந்நாட்டில், 2023–24 பருவத்தில் பத்துப் பண்ணைகளளவில் அது சுருங்கியது. அந்த முறை நமக்கு இப்போதே பொருந்தும் என்று நாம் சொல்லவில்லை. அது அரசாங்கம் முடிவு செய்ய வேண்டியது. வாத்துக்கென்று தனிக் கணக்கு வைத்து, ஊசியைத் திரும்பப் போட்டால் பலன் உண்டு என்பதற்கு மட்டுமே இதை எடுத்துக்காட்டினோம்.

நம் ஊருக்கு நெருக்கமான நோய்கள் இரண்டு. ஒன்று, கோழிகளை ஊர் முழுவதும் ஒரே வாரத்தில் வாரிக்கொண்டு போகும் வெள்ளைக் கழிச்சல். 1927-இல் குமாவோன் மலையிலுள்ள ராணிக்கெட்டில் காணப்பட்டதால் அவ்வூரின் பெயராலும் வழங்குகிறது. வாத்து இதனால் பெரும்பாலும் வாடுவதில்லை. ஆனால் நச்சுயிரியைச் சுமந்து திரிய வல்லது. வாத்தையும் கோழியையும் ஒரே பஞ்சாரத்தில் அடைத்து, ஒரே தொட்டியில் தண்ணீர் வைக்கும் வீட்டில், கோழி சாக வாத்து நிற்கும்.

மற்றொன்று வாத்து பிளேக். இங்கே கதை தலைகீழ். கோழிக்கு இது வராது, வாத்து மடியும். கண் வீங்கி நீர் வடியும், வெளிச்சத்தைக் கண்டு ஒதுங்கும், தாகம் மிகும், நீராய்க் கழியும், முட்டை திடீரெனக் குறையும். நம் நாட்டில் 1963-இல் மேற்கு வங்காளத்தில் இது கண்டறியப்பட்டது. இதற்குத் தடுப்பூசி உண்டு; கேரளத்தில் பாலோடு என்னுமிடத்திலுள்ள அரசாங்க நிலையத்தில் தயாராகிறது. எட்டு முதல் பன்னிரண்டு வார வயதில் தோலுக்கடியில் போட்டு, ஆண்டுதோறும் திரும்பப் போட வேண்டும். “வாத்துக்கு நோயே வராது” என்பவர் இந்த ஊசியைக் கேட்டு வாங்கப் போவதில்லை. அந்தச் சொல்லால் வரும் நட்டம் இதுவே.

வாத்துக் குஞ்சைப் பற்றியும் ஒரு வார்த்தை. குடலைக் காக்கும் ‘ஏ’ வகை எதிர்ப்பொருள் குஞ்சு பொரித்தவுடன் அதற்குக் கிடையாது; போதிய அளவு சேரச் சில வாரங்கள் செல்லும். அதுவரை அதற்குத் துணை, தாய் மஞ்சட் கருவில் வைத்துவிட்ட சொத்து மட்டுமே. அச்சொத்தும் நாளுக்கு நாள் கரையும். ஆகவே முதல் ஐந்தாறு வாரம் குஞ்சுகளைக் கண்மாயில் விடாமல், பெரிய வாத்துக்களோடும் சேர்க்காமல், உலர்ந்த இடத்தில் சுத்தமான தண்ணீர் கொடுத்து வளர்ப்பதே அறிவுடைமை. ‘சீக்கிரமே ஊசி போட்டுவிட்டால் நல்லதுதானே’ என்று சிலர் அவசரப்படுவதும் உண்டு. தாய் தந்த எதிர்ப்பொருள் மிகுந்திருக்கும்போது உயிருள்ள தடுப்பு மருந்தைச் செலுத்தினால், தாயின் சொத்தே அந்த மருந்தை முறித்துவிடும். விதைப்புக்கு ஈரம் பார்ப்பது போல ஊசிக்கும் நாள் பார்க்க வேண்டும்.

இவ்வளவும் தெரிந்த பின்னும் நம் ஊர்களில் தடுப்பூசி பரவாதது ஏன்? அறியாமை ஒன்றே காரணம் என்று சொல்வது அங்கத்தினர்களுக்கு இழைக்கும் அநீதி. காரணம் குப்பியில் இருக்கிறது. இத்தகைய மருந்துகள் உலர்ந்த நிலையில், நூறு பறவைக்கும் அதற்கு மேலும் போதுமான அளவாக ஒரே குப்பியில் வருகின்றன. கரைத்துவிட்டால் ஓரிரு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். அதுவரை ஐஸில் இருக்க வேண்டும். வெயில் பட்டால் மருந்து வெறும் தண்ணீர்தான். ஆறு கோழியும் நாலு வாத்தும் உள்ள குடும்பம் ஒரு குப்பியை வாங்கிப் பத்துப் பறவைக்குப் போட்டுத் தொண்ணூறு பங்கைக் கொட்ட வேண்டும். எந்தப் பைத்தியக்காரன் அதைச் செய்வான்? மாசி மாதத்தையொட்டி அரசாங்கம் நடத்தும் வெள்ளைக் கழிச்சல் முகாம்கள் கோழிக்கு இக்குறையை ஓரளவு தீர்க்கின்றன. முகாமன்று கோழியைப் பிடிக்க முடியாதவர்களுக்கும், வாத்து வளர்ப்போருக்கும் அக்குறை தீரவில்லை.

நூலைத் தனித்தனியே வாங்கினால் கட்டாது என்பதற்காகவே நெசவாளர் சங்கம் பிறந்தது. விதையும் உரமும் அவ்வாறே. தடுப்பு மருந்துக் குப்பி மட்டும் ஏன் விதிவிலக்காக வேண்டும்? பத்து வீடு சேர்ந்தால் ஒரு குப்பி முற்றும் பயன்படும். வேண்டியவை மிகச் சில: எந்த வீட்டில் எத்தனை கோழி, எத்தனை வாத்து, எந்த மாதத்தில் பொரித்தவை என்பதைத் தனித்தனிப் பத்தியில் எழுதிய ஒரு பதிவேடு, ஒரு ஐஸ் பெட்டி, கால்நடை மருந்தகத்து மருத்துவரோடு முன்னரே பேசி வைத்த ஒரு நாள், ஊசி போடப் பழகிய இருவர். அவர்கள் பெண்களாக இருப்பது நலம் என்பது நமது அபிப்பிராயம். கோழியும் வாத்தும் யார் கையில் வளர்கின்றன என்பதை ஆண் அங்கத்தினர்களும் அறிவார்கள். சங்கத்தின் பதிவேட்டில் மட்டும் அவர்கள் பெயர் இருப்பதில்லை.

‘இதெல்லாம் நெசவுச் சங்கத்தின் வேலையா?’ என்று ஆட்சேபிப்போர் உண்டு. சங்கக் கடனைத் திருப்பிக் கட்டும் காசில் முட்டைக் காசும் இருக்கிறதா இல்லையா என்று அவர்கள் தங்கள் வீட்டிலேயே விசாரித்துக்கொள்ளலாம். ‘வாத்தை அறவே ஒழித்துவிட்டால் கோழிக்கு அபாயமில்லையே’ என்று வேறு சிலர் கூறலாம். அதையும் நாம் ஏற்பதற்கில்லை. காட்டுப் பறவை வருவதை யார் தடுக்க முடியும்? நாங்குநேரிப் பக்கத்துக் கூந்தன்குளத்துக்கு இமயத்துக்கு அப்பாலிருந்து வரித்தலை வாத்துக்கள் ஆண்டுதோறும் வருகின்றன. அறுவடைக்குப் பின் தாமிரவருணிப் பாசன வயல்களுக்கு மந்தை ஓட்டி வருவோரும் பிழைக்க வந்தவர்களே. அவர்களை விரட்டிப் பயனில்லை. அவர்களிடம் வாங்கும் வாத்தை இரண்டு, மூன்று வாரம் வீட்டுப் பறவைகளோடு சேர்க்காமல் தனியே வைத்துப் பார்ப்பதும், மந்தை இறங்கிய நீர்நிலைக்கு அந்நாட்களில் நம் கோழியை விடாதிருப்பதும் போதும்.

வாத்துக்கும் கோழிக்கும் தனிக் கூடு, தனித் தண்ணீர்த் தொட்டி என்பது செலவில்லாத காரியம். உடைந்த பானையே தொட்டியாகும். அதை ஒவ்வொரு வீடும் இன்றே செய்துகொள்ளலாம். பதிவேட்டுக்கும் ஐஸ் பெட்டிக்கும் நிர்வாகக் குழு அனுமதி வேண்டும். புரட்டாசி முடிவதற்குள் அனுமதி கிடைத்துவிட்டால், மருத்துவரைக் கண்டு நாள் குறித்து, கண்மாயில் தண்ணீர் ஏறுமுன் முதற் குப்பியை உடைத்துவிடலாம். வாத்து வளர்க்கும் அங்கத்தினர்கள் தங்கள் வீட்டுக் கணக்கை, எண்ணிக்கையும் வயதும் குறித்து, சங்க அலுவலகத்தில் எழுதிக் கொடுக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.